மாசிலாமணிக்கு வந்த கிருமி

ஆஸ்பத்திரி லேபில் நான் வேலை பார்த்த காலத்தின் பிற்பாதி முழுவதும், இல்லாத மனிதர்களுக்கு வியாதி கொடுத்துக்கொண்டிருந்தேன். திருட்டுத்தனமாக அல்ல. மேலிடத்தில் எழுதி அனுமதி வாங்கி, அலுவலக நேரத்தில்தான்.

போன மாதம் பழைய லேபிலிருந்து இரண்டு பெண்கள் குவீன்ஸ்டவுனில் இருக்கும் என் வீட்டுக்கு வந்திருந்தார்கள். இருவரும் நான் ஓய்வுபெற்ற பிறகு வேலைக்குச் சேர்ந்தவர்கள். தேநீர் கொடுத்து உட்கார்ந்த உடனே ஒருத்தி ஆரம்பித்தாள். "அக்கா, இப்பல்லாம் மெஷின்ல வச்சா கொஞ்ச நேரத்துல கிருமி பேரைச் சொல்லிடுது. அப்புறம் எதுக்கு இன்னும் இந்தப் போலி நோயாளிங்க? நீங்கதான் இதை வளர்த்து விட்டீங்களாமே. எங்க உயிரை வாங்குதுலா."

ஆமாம், நான்தான். அதற்கு எப்படி ஆளானேன் என்று அவர்களுக்குச் சொன்னதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

படிப்பைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. பாலிடெக்னிக்கில் டிப்ளோமா முடித்தேன். முதல் சில வருஷங்கள் பிறருடைய சளியோடும் சிறுநீரோடும் போயின. டன்லப் ஸ்ட்ரீட்டில் துணிக்கடை வைத்திருந்த என் வாப்பா, "நம்ம ஜமீலா ஆஸ்பத்திரியில வேலை பாக்குது" என்று எல்லாரிடமும் பெருமையாகச் சொல்வார். என்ன வேலை என்று யாராவது கேட்டுவிட்டால் உடனே புடவை விலையைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிடுவார்.

பிறகு கிருமி வளர்க்கும் பிரிவுக்கு மாற்றினார்கள். அங்கே எனக்குக் கிடைத்த மேலதிகாரி டாக்டர் பரஞ்சோதி. யாழ்ப்பாணத்துப் பூர்வீகம், பிறந்தது இங்கேதான். தரை துடைப்பவரிலிருந்து ஆஸ்பத்திரித் தலைவர் வரை எல்லாருக்கும் ஒரே 'நீங்கள்'. குரலை உயர்த்தியதே கிடையாது. கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு மேசை மேசையாக வருவார். கிருமி வளர்ந்த பிளேட்டைக் கையில் எடுத்து, விளக்குக்கு நேராகச் சாய்த்து, புடவையில் சாயம் ஒரே சீராக இருக்கிறதா என்று பார்ப்பவரைப் போல ரொம்ப நேரம் பார்ப்பார். தவறு என்று அவர் யாரிடமும் சொன்னதில்லை. "சுவாரசியம்" என்பார், அவ்வளவுதான். அந்தச் சொல்லைக் கேட்டால் செய்ததை முதலிலிருந்து மறுபடி செய்வோம்.

எங்கள் பிரிவில் முக்கால்வாசி நாள் ஸ்டஃபைலோகாக்கஸோடுதான் குடித்தனம். அந்தக் குடும்பத்தில் நிறைய உருப்படிகள் உண்டு. பெரும்பாலானவை நம் தோலில் சும்மா குடியிருப்பவை. ஆரியஸ் என்ற ஒன்றுதான் வம்புக்காரன். புண்ணில் புகுந்தால் சீழ், ரத்தத்தில் புகுந்தால் உயிருக்கே ஆபத்து. அதிலும் மருந்துக்கு மசியாத ரகம் ஒன்று உண்டு. ஆக, எங்கள் வேலை இரண்டு. வந்திருப்பது ஆரியஸா, சும்மா இருப்பவனா என்று அடையாளம் சொல்வது முதல் வேலை. ஆரியஸ் என்றால், அதில் எந்தக் கிளை என்று வகை பிரித்துச் சொல்வது அடுத்தது. ஒரே வார்டில் நான்கு பேருக்குப் புண் பழுத்தால், நான்கும் ஒரே கிளையா வேறு வேறா என்று தெரிந்தால்தான் ஒருவரிடமிருந்து ஒருவருக்குப் பரவியதா என்று சொல்ல முடியும்.

நாங்கள் இதைச் சரியாகச் செய்கிறோமா என்று பார்க்க, வெளிநாட்டிலிருந்து ஒரு தர மதிப்பீட்டுப் பெட்டி அவ்வப்போது வரும். உள்ளே சின்னச் சின்னக் கண்ணாடிக் குப்பிகளில் உலர்த்திய கிருமி இருக்கும். எது எது என்று கண்டுபிடித்து எழுதி அனுப்ப வேண்டும், அவர்கள் மதிப்பெண் போடுவார்கள். பெட்டி வரும் நாளில் லேபில் பெண் பார்க்க வருகிற வீட்டுக் களை வந்துவிடும். மேசை பளபளக்கும். புதிதாக ஊற்றிய பிளேட் வெளியே வரும். ஒருவர் செய்ததை இன்னும் இருவர் எட்டிப் பார்ப்பார்கள். எப்போதும் முழு மதிப்பெண்தான். சான்றிதழ்களைச் சட்டம் போட்டு வராந்தா முழுக்க மாட்டியிருந்தார்கள்.

ஒருநாள் அந்தச் சான்றிதழ்களின் முன்னால் நின்றுகொண்டு டாக்டர் பரஞ்சோதி என்னிடம் சொன்னார். "ஜமீலா, நம்முடைய நோயாளிகள் எல்லோரும் வெளிநாட்டுப் பெட்டியில் வந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும்."

எனக்குச் சட்டென்று புரியவில்லை. அவரே விளக்கினார். அடுத்த பெட்டி வரும்போது குப்பிகளை யாருக்கும் காட்டாமல் என்னிடம் தருவார். அவற்றைச் சாதாரண நோயாளிகளின் மாதிரிகளைப் போல நான் உள்ளே அனுப்பிவிட வேண்டும்.

அந்த நாளிலிருந்து நான் ரகசியமாக ஆட்களைத் தயாரிக்க ஆரம்பித்தேன்.

அது ஒரு தனி ருசியான வேலை. குப்பியை உடைத்து, உள்ளே இருக்கும் வெள்ளைத் துகளைச் சத்து நீரில் கரைத்து, பஞ்சுக்குச்சியை அதில் தோய்ப்பேன். சுத்தமாக ஒரே கிருமி மட்டும் இருந்தால் சந்தேகம் வரும். நிஜப் புண் அப்படி இருக்காது. அதனால் தோலில் சும்மா இருக்கும் கிருமியையும் கொஞ்சம் கலப்பேன். படிவத்தில் வார்டு டாக்டர்கள் கிறுக்குவது போலக் கிறுக்குவேன். ஒட்டுச்சீட்டைச் சற்றே கோணலாக ஒட்டுவேன். பெயர்தான் கஷ்டம். பதிவில் ஏற்கெனவே இருக்கும் எந்த நோயாளியின் பெயராகவும் இருக்கக்கூடாது, அதே சமயம் நிஜப் பெயராகவும் தோன்ற வேண்டும். ஞாயிற்றுக்கிழமைகளில் தேக்கா மார்க்கெட்டுக்கு மீன் வாங்கப் போகும்போது கடைப் பலகைகளைப் படித்துக்கொண்டே நடப்பேன். ஒரு நகைக்கடையின் முன்பாதியும் ஒரு சாப்பாட்டுக்கடையின் பின்பாதியும் சேர்ந்தால் ஒரு நோயாளி கிடைப்பார்.

முதல் பலி, என்னோடு லேபில் வேலை பார்த்த கெல்வின். சீனர், கெட்டிக்காரர், வேகமான கை. அவரோடும், டாக்டர் பரஞ்சோதி தவிர மற்ற டாக்டர்களோடும் பேசுவது ஆங்கிலத்தில்தான், இங்கே தமிழில் சொல்கிறேன். அந்தத் தடவை பெட்டியில் வந்த ஒரு குப்பியில் லக்டுனென்சிஸ் என்ற ஸ்டஃபைலோகாக்கஸ் இருந்தது. ஆரியஸுக்குச் சித்தப்பா மகன் மாதிரி. கண்ணாடித் துண்டில் முயல் பிளாஸ்மாவோடு கலக்கிப் பார்க்கும் அவசரச் சோதனையில் ஆரியஸைப் போலவே கட்டி கட்டும், ஏமாற்றும். குழாயில் வைத்துக் காத்திருந்து பார்க்கும் சோதனையில் கட்டாது, மாட்டிக்கொள்ளும். திங்கட்கிழமை நெரிசலில் கெல்வின் அவசரச் சோதனையோடு நிறுத்தி, ஆரியஸ் என்று எழுதிவிட்டார். பெட்டியில் வந்திருந்தால் இரண்டையும் செய்து, மூன்றாவதாகவும் ஒன்று செய்திருப்பார்.

டாக்டர் பரஞ்சோதி ரிப்போர்ட்டைப் பார்த்தார். "சுவாரசியம்" என்றார்.

விஷயம் வெளியே தெரிந்ததும் லேபில் எல்லாருக்கும் எந்தப் பெயரைப் பார்த்தாலும் போலி நோயாளியோ என்ற சந்தேகம். ஒரு தடவை நீளமான பெயர் ஒன்றைப் பார்த்துவிட்டு கெல்வின் வார்டுக்கே போன் செய்துவிட்டார். "இந்த ஆள் உண்மையிலேயே இருக்காரா?"

அந்தப் பக்கத்து நர்ஸ், "நல்லாவே இருக்காரு. சாப்பாட்டுல உப்பில்லைன்னு இப்பத்தான் என்னைத் திட்டி முடிச்சாரு, வேணும்னா போனைக் கொடுக்கவா?" என்று கேட்டாளாம்.

ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். அதற்குப் பிறகு குழாய்ச் சோதனையை யாரும் விடவில்லை. கெல்வினையே பிற்பாடு வகை பிரிக்கும் மேசைக்குப் பொறுப்பாகப் போட்டார்கள். அந்த இடத்துக்கு அவரைவிடப் பொருத்தமான ஆள் அங்கே இல்லை.

இனி சங்கீதாவின் கதை.

எலும்பு முறிவு வார்டில் ஆபரேஷன் புண்கள் ஒன்றன்பின் ஒன்றாகப் பழுக்க ஆரம்பித்தன. எல்லாம் மருந்துக்கு மசியாத ஆரியஸ். கெல்வின் வகை பார்த்தார், எல்லாம் ஒரே கிளை. ஆக, வார்டுக்குள்தான் பரவுகிறது. ஆரியஸ் பலருடைய மூக்கில் ஒரு தொந்தரவும் இல்லாமல் குடியிருக்கும். அதனால் வார்டு ஊழியர்கள் அத்தனை பேர் மூக்கிலும் பஞ்சுக்குச்சி விட்டு எடுத்தார்கள். யாரிடமும் அந்தக் கிளை இல்லை.

சங்கீதா அந்த வாரம் லீவில் இருந்தாள். பட்டுக்கோட்டைப் பக்கத்துப் பெண், ஒப்பந்த நர்ஸ். தம்பி கல்யாணத்துக்கு ஊருக்குப் போயிருந்தாள். திரும்பி வந்ததும் அவள் மூக்கிலும் எடுத்தார்கள். அதே கிளை இருக்கிறது என்று ரிப்போர்ட் வந்தது.

அன்றே அவளை வார்டிலிருந்து எடுத்து, சாமான் அறையில் கையுறைப் பெட்டி அடுக்கும் வேலைக்குப் போட்டார்கள். உட்லண்ட்ஸில் நான்கைந்து நர்ஸுகளோடு ஒரு வீட்டில் தங்கியிருந்தாள். அவளுடைய தட்டையும் டம்ளரையும் தனியாக எடுத்து வைத்துவிட்டார்களாம். லீவுக்கு முன்பே வார்டில் புண்கள் பழுக்க ஆரம்பித்தாயிற்று. ஆனாலும் ஊரிலிருந்து கொண்டுவந்துவிட்டாள் என்று பேச்சு கிளம்பிவிட்டது. அவளுடைய ஒப்பந்தம் புதுப்பிக்க வேண்டிய நேரம் அது.

சாமான் அறை எங்கள் லேபுக்குக் கீழ்த்தளம். பிளேட் வாங்கப் போனபோது அவளைப் பார்த்தேன். என்னைப் பார்த்ததும் இரண்டடி பின்னால் நகர்ந்து நின்றாள்.

"கிட்ட வாம்மா, நான் கிருமி வளக்குறவ. என்கிட்ட இல்லாததா உன்கிட்ட இருக்கப் போகுது?" என்றேன்.

அவள் சிரிக்கவில்லை. "அக்கா, வார்டுல நான் யாரையாச்சும் கொன்னுருப்பேனா?" என்று கேட்டாள்.

மேலே வந்து அவளுடைய மாதிரியைத் தேடினேன். அந்தப் பஞ்சுக்குச்சியை இரண்டு விதமாகப் பார்த்திருந்தார்கள். வழக்கம்போல ஒரு பிளேட்டில் தேய்த்து வளர்க்கப் போட்டது ஒன்று. இன்னொன்று கெல்வினின் புது முறை. அவசரத்துக்காக, கிருமி வளரும்வரை காத்திருக்காமல், குச்சியை ஊறவைத்த நீரிலிருந்தே மரபணுவைப் பிரித்தெடுத்து, பெருக்கி, வகை படிப்பது. அந்தப் புது முறைதான் அவளைக் குற்றவாளி ஆக்கியிருந்தது. பிளேட்டில் தோல் கிருமிதான் வளர்ந்திருந்தது, ஆரியஸ் ஒரு புள்ளிகூட இல்லை.

பிளேட்டை டாக்டர் பரஞ்சோதியிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன். சாய்த்துப் பார்த்தார். கெல்வினைக் கூப்பிட்டார்.

"பிளேட்டுக்குத் தெரியாத அளவு கொஞ்சமா இருக்கும், சார். என் முறை அதைவிட நுணுக்கமானது" என்றார் கெல்வின். "ஒவ்வொரு தடவையும் கிருமியே இல்லாத வெறும் தண்ணியையும் சேர்த்துத்தான் ஓட்டுறேன். அது எப்பவும் சுத்தமாத்தான் வருது."

அவர் சொன்னதில் பிழையே இல்லை. நுணுக்கமான முறை என்பதும் உண்மைதான். கெல்வின் போன பிறகு டாக்டர் நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்தார்.

"கிருமி இருப்பவரிடம் கேட்டால் இந்தச் சோதனை இருக்கிறது என்றுதான் சொல்லும். நிச்சயமாக இல்லாதவர் ஒருவரிடம் கேட்டுப் பார்க்க வேண்டும். உங்களுக்கு அப்படி யாரையாவது தெரியுமா?"

"ரெடி பண்ணிடுவேன், சார்" என்றேன்.

மூன்று பேரைத் தயாரித்தேன். இருவருடைய குச்சிகளைப் பழைய பெட்டிகளில் வந்து ஏற்கெனவே விடை தெரிந்த கிருமிகளில் தோய்த்தேன். மூன்றாவது குச்சியைக் கொதிக்கவைத்து ஆறிய உப்பு நீரில் தோய்த்தேன். வேறு எதுவும் இல்லை. அவருக்குப் பெயர் வைக்க அந்தத் தடவை தேக்கா வரை போக வேண்டியிருக்கவில்லை. மாசிலாமணி என்று வைத்தேன். மாசு இல்லாத மணி. முகவரி பொங்கோல், இன்னும் கட்டாத ஒரு அடுக்குமாடி பிளாக். படிவம் தொலைபேசி எண் கேட்டது. எங்கள் பழைய பொருள்கள் கிடக்கும் பூட்டிய அறையின் எண்ணைக் கொடுத்தேன்.

டாக்டர் பெயரைப் பார்த்தார். உதடு லேசாக அசைந்தது. கையெழுத்துப் போட்டார்.

நாங்கள் யோசிக்காதது ஒன்று. அந்தச் சமயத்தில் வகை ரிப்போர்ட்டுகள் எங்களிடம் வராமல் நேராகத் தொற்றுத் தடுப்புக் குழுவுக்குப் போய்க்கொண்டிருந்தன. குழுவின் தலைவி டாக்டர் சுவா. உழைப்பாளி, நல்லவர்தான், ஆனால் பொறுமை என்பது அவருக்கு ஒத்துக்கொள்ளாத மருந்து. சங்கீதாவின் ஒப்பந்தத்தைப் பற்றி முடிவெடுக்கும் கூட்டத்துக்கு டாக்டர் பரஞ்சோதி என்னையும் அழைத்துப் போனார். கெல்வினும் வந்திருந்தார். நான் தயாரித்த மூன்று பேருடைய முடிவு வந்துவிட்டதா என்பதே எனக்குத் தெரியாது.

டாக்டர் சுவா உட்காருவதற்கு முன்பே ஆரம்பித்தார். "இன்னொருத்தரும் சிக்கியிருக்காரு. அதே கிளை. பேரு மாசிலாமணி."

நான் குனிந்து என் செருப்பைப் பார்த்தேன். டாக்டர் பரஞ்சோதி என்ன செய்கிறார் என்று ஓரக்கண்ணால் பார்த்தேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டிருந்தார்.

"எங்கே இருக்கிறார்?" என்று கேட்டார் சாதாரணமாக.

"பொங்கோல்ல. காலையிலிருந்து போன் பண்றோம், எடுக்கவே மாட்டேங்கறாரு. ஒத்துழைக்காத ஆளு."

பூட்டிய அறையில் அத்தனை நேரமும் போன் அடித்துக்கொண்டிருந்ததை நினைத்து வந்த சிரிப்பை நான் இருமலாக மாற்றிச் சமாளித்தேன்.

"அந்த நர்ஸுக்குச் சொந்தமா இருக்கலாம்" என்றார் குழுவில் ஒருவர். "ரெண்டு பேரும் இந்தியர்தானே. கோயில்ல சந்திச்சிருக்கலாம்."

"சந்தித்திருக்க வாய்ப்புக் குறைவு" என்றார் டாக்டர் பரஞ்சோதி.

"வீட்டுக்கே ஆள் அனுப்பணும். குடும்பத்துல எல்லாருக்கும் சோதனை பண்ணணும்" என்றார் டாக்டர் சுவா. ஒருவர் யார் போவது என்று பேச ஆரம்பித்தார். இன்னொருவர் அவர் எங்கே வேலை பார்க்கிறார் என்று விசாரிக்கச் சொன்னார். மாசிலாமணிக்கு அந்த மேசையைச் சுற்றி மெதுவாக ஒரு வாழ்க்கையே உருவாகிக்கொண்டிருந்தது. டாக்டர் பரஞ்சோதி எல்லாவற்றையும் தலையை ஆட்டிக் கேட்டார். நடுவில் ஒன்றே ஒன்று கேட்டார்.

"டாக்டர் சுவா, சங்கீதாவுக்கும் இவருக்கும் ஒரே சோதனைதானே?"

"ஆமா."

"அவருடைய முடிவை நம்புகிற அளவுக்கு இவருடையதையும் நம்பலாமா?"

"கண்டிப்பா. ஒண்ணு சரின்னா இன்னொண்ணும் சரி."

"நானும் அப்படித்தான் நினைக்கிறேன்" என்று சொல்லிவிட்டுக் கண்ணாடியை மாட்டிக்கொண்டார். "மாசிலாமணி வரமாட்டார். அவர் உப்புத் தண்ணீர்."

அவர் என்னைக் கைகாட்டி, "இவர்தான் தயாரித்தார். கொதிக்கவைத்த உப்பு நீர், ஒரு பஞ்சுக்குச்சி. வேறு ஒன்றும் அவரிடம் கிடையாது. நம் லேபுக்கு வந்த பிறகுதான் அவருக்குக் கிருமி வந்திருக்கிறது" என்றார்.

டாக்டர் சுவாவின் முகம் சிவந்தது. திட்டப் போகிறார் என்று நினைத்தேன். அவர் மெதுவாக உட்கார்ந்தார். பிறகு, "அப்ப அந்தப் பொண்ணு?" என்று கேட்டார். அவரைப் பற்றி நான் நினைத்திருந்ததை அந்தக் கேள்வியில் கொஞ்சம் மாற்றிக்கொண்டேன்.

கெல்வின் எழுந்து நின்றார். "மற்ற ரெண்டு பேரும் எப்படி வந்தாங்க?" என்று என்னைக் கேட்டார்.

"சரியா வந்திருக்கணும்."

அவர் மேசையிலிருந்த ரிப்போர்ட் பட்டியலைப் பார்த்தார். சரியாகத்தான் வந்திருந்தார்கள். "கிருமி நிறைய இருக்கும்போது, நம்ம லேப்ல கலந்த கறை மறைஞ்சிடுது. ஒண்ணுமே இல்லாதப்பதான் அது பேசுது" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு, யாரிடமும் விடைபெறாமல் லேபுக்குப் போனார்.

நானும் பின்னால் போனேன். அவர் கோபப்படுவார் என்று பயம். அவரோ குழாய்களை வரிசையாக அடுக்கிக்கொண்டிருந்தார். வேலையின் ஒவ்வொரு படியிலும் வெறும் தண்ணீரை நுழைத்து ஓட்டினார். அப்போதுதான் புரிந்தது. அவர் தினமும் சேர்த்த வெறும் தண்ணீர் கடைசிப் படியில்தான் உள்ளே போனது. கறையோ முதல் படியில் இருந்தது, மரபணுவைப் பிரிக்கும் கரைசல் பாட்டிலில். வார்டுக் கிருமிகளைக் கட்டுக்கட்டாகப் பார்த்த வாரத்தில் எப்போதோ ஒரு துளி அதில் விழுந்திருக்க வேண்டும். மற்ற ஊழியர்களின் குச்சிகள் அதற்கு முன்பே முடிந்துவிட்டன. கறை விழுந்த பாட்டிலில் முதலில் வந்து சேர்ந்தது சங்கீதாவின் குச்சி, அடுத்து மாசிலாமணியுடையது. லீவு போட்டதுதான் அவள் செய்த குற்றம்.

கெல்வின் அந்தப் பாட்டிலைத் தூக்கிப் பிடித்துப் பார்த்தார். "உன் ஆளை நான் ஒருநாளும் மன்னிக்க மாட்டேன்" என்றார். பிறகு சிரித்தார். அவரே போய் டாக்டர் பரஞ்சோதியிடம் எல்லாவற்றையும் சொன்னார். அதற்குப் பிறகு எங்கள் லேபில் முதல் படியிலிருந்தே ஒரு வெறும் தண்ணீர்க் குழாய் கூடவே வரும். அதற்கு லேபில் எல்லாரும் 'மணி' என்று பெயர் வைத்துவிட்டார்கள். "மணி சுத்தமா?" என்று கேட்டுவிட்டுத்தான் ரிப்போர்ட்டில் கையெழுத்துப் போடுவோம்.

சங்கீதாவின் மூக்கில் திரும்பத் திரும்ப எடுத்துப் பார்த்தோம். ஆரியஸ் இல்லவே இல்லை. டாக்டர் சுவா தாமே சாமான் அறைக்கு இறங்கிப்போய் அவளிடம் பேசினாராம். என்ன பேசினார் என்று இருவரும் சொல்லவில்லை. ஒப்பந்தம் புதுப்பித்தார்கள். வார்டில் கட்டு மாற்றும் வண்டியிலிருந்து படுக்கைக் கம்பி வரை துடைக்கும் முறையை மாற்றினார்கள், தொற்று மெல்ல அடங்கியது. எங்கிருந்து வந்தது என்பது கடைசிவரை தெரியவில்லை. எங்கள் தொழிலில் அப்படியும் நடக்கும்.

கொஞ்ச நாள் கழித்து சங்கீதா லேப் வாசலில் வந்து நின்றாள். கையில் சிராங்கூன் ரோட்டுக் கடை ஒன்றின் மைசூர்பாகு டப்பா. லேபுக்குள் தின்பண்டம் கூடாது என்பதால் வராந்தாவிலேயே நின்று பேசினோம். ஏதோ கேட்க நினைத்துத் தயங்கினாள்.

"அக்கா, அந்தப் பொங்கோல் ஐயா எப்படி இருக்காரு?"

"எந்த ஐயா?"

"மாசிலாமணின்னு ஒருத்தரு. அவருக்கும் அதே கிருமின்னு வார்டுல பேசிக்கிட்டாங்க. போன் பண்ணா எடுக்கறதே இல்லையாம். எனக்கு இங்க யாரும் பக்கத்துல உட்காரல. நானாச்சும் சின்னப் பொண்ணு, தாங்கிக்கிட்டேன். அவரு வயசானவரா? வீட்டுல யாராச்சும் இருக்காங்களா? நான் போய் ஒரு தடவை பாத்துட்டு வரலாம்னு..." என்று இழுத்தாள்.

ஒரு கூட்டமே அவரைத் தேடிப் பிடிக்கத் திட்டம் போட்டது. அவர் எப்படி இருக்கிறார் என்று கேட்டவள் இவள் ஒருத்திதான்.

நடந்ததைச் சொன்னேன். குச்சி, உப்புத் தண்ணீர், பூட்டிய அறையில் அடித்த போன், எல்லாவற்றையும். அவள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். முதலில் நம்பவில்லை. பிறகு வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்க ஆரம்பித்தாள். சுவரில் சாய்ந்து, கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தாள். அவள் சிரித்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.

"அப்ப எனக்காக ஒரு ஆளையே உண்டாக்குனீங்களாக்கா?"

"ஆள் சும்மா வரலம்மா. டாக்டர் கையெழுத்து இருக்கு."

அந்த நேரம் பார்த்து டாக்டர் பரஞ்சோதி கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு வராந்தாவில் வந்தார். சங்கீதா சட்டென்று நிமிர்ந்து நின்று டப்பாவைத் திறந்து நீட்டினாள். அவர் ஒரு துண்டை எடுத்தார். சற்று யோசித்து இன்னொன்றையும் எடுத்தார்.

"ஒன்று எனக்கு. ஒன்று நோயாளிக்கு" என்றார்.

இரண்டையும் அங்கேயே நின்று தின்றுவிட்டுப் போனார்.